எல்லாரும் சூடம் அணைக்கட்டும்

1. பத்து மணி இருபது நிமிடம்

புதன்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடம். கோர்ட் ஹாலின் சுவர்க் கடிகாரத்தை அப்போதுதான் பார்த்தேன். அதனால் நேரம் மறக்கவில்லை. முன்சீப் ஐயா பெஞ்சில் ஏறச் சற்று நேரம் இருந்தது. அன்றைய வழக்குக் கட்டுகளை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த டவாலி இசக்கிமுத்து, "அண்ணாச்சி, மைனி வந்திருக்காக. சைக்கிள் ஸ்டாண்டுகிட்ட நிக்காக" என்றார்.

என் மனைவி பார்வதி அதுவரை கோர்ட் வாசலை மிதித்ததே இல்லை. கோர்ட், போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி மூன்றும் அவளுக்கு ஒன்றுதான். நான் ஓடினேன். அவள் காலில் செருப்பு இல்லை.

"நல்லசிவம் முதலாளி நம்ம வாசல்ல நின்னு கத்துதாரு. அவரு பிள்ளை கழுத்துச் சங்கிலியக் காணலையாம். நேத்து சாயந்தரம் வெளியாள்னு வீட்டுக்குள்ள வந்தது வடிவு மட்டுந்தானாம்."

வடிவு எங்கள் ஒரே மகள். சண்முகவடிவு. அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். தறி முதலாளி நல்லசிவத்தின் மூத்த பையனுக்கு மட்டும் அவர்கள் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுப்பாள். காணாமல் போன சங்கிலி அவருடைய கைக்குழந்தையுடையது.

"வடிவு என்ன சொன்னா?"

"ஒண்ணுஞ் சொல்லல. வெளிய வந்து நின்னு அவரு கத்தி முடிக்கிறவரைக்கும் கேட்டா. பரமசிவம் அண்ணாச்சிதான் நடுவுல வந்து, 'போலீசுக்கெல்லாம் வேண்டாம், பொம்பளப் பிள்ள வாழ்க்கை. வெள்ளிக்கிழமை கோயில்ல வந்து சூடம் அணைக்கட்டும், அத்தோட சரி'ன்னு முடிச்சு வச்சாரு." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வாசுதேவநல்லூர்க்காரங்க காதுக்குப் போச்சுன்னா என்னங்க செய்ய?"

வாசுதேவநல்லூரிலிருந்து அடுத்த மாதம் வடிவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

பரமசிவம் அண்ணாச்சி எங்கள் தெருச் சங்கத்தின் தலைவர். நல்ல மனிதர். அவர் சொன்னது இங்கே எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். சந்நிதிக்கு நேரே கல்லில் சூடம் ஏற்றுவார்கள். சந்தேகப்பட்ட ஆள், "நான் எடுக்கவில்லை" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்தால் குற்றமில்லை. மறுத்தால் திருடன். பொய்யாக அணைத்தால் அம்பாள் பார்த்துக்கொள்வாள்.

பார்வதியை ரிக்ஷாவில் ஏற்றிவிட்டு ஹாலுக்குள் வந்தேன். ஐயா பெஞ்சுக்கு வந்துவிட்டார். பெஞ்ச் கிளார்க்கின் வேலைகளில் ஒன்று, கூண்டில் ஏறும் சாட்சிக்குப் பிரமாணம் சொல்லிவைப்பது. "கடவுள் அறிய..." என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வரவில்லை. வருஷக்கணக்காகத் தினமும் சொன்ன வாசகம். கூண்டில் நின்ற விவசாயி சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னய்யா, நீங்களே மறந்துட்டியளா? நான் வேணும்னா சொல்லட்டுமா?" என்றார். ஹாலே சிரித்தது. ஐயாவும் சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன்.

நம் கோர்ட் ஊழியர் மலருக்கு எழுதச் சொன்ன இளைய ஊழியர்களே, வேலையில் நடந்ததை எழுதச் சொன்னீர்கள். வீட்டில் நடந்ததை எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். என் வேலை என்னவென்று எனக்குப் புரிந்ததே அந்த வாரம்தான்.

2. கிணற்றுக்காரர்

ஒரு பழைய கதையைச் சொன்னால்தான் என் பயம் உங்களுக்கு விளங்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோர்ட்டிலேயே இந்தச் சத்தியத்துக்கு இடம் இருந்தது. ஒரு கட்சிக்காரர் எழுந்து, "எதிராளி இன்ன கோயிலில் சத்தியம் செய்தால் நான் ஒத்துக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். எதிராளி சம்மதித்தால் கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பும். அவர் முன்னிலையில் சத்தியம் நடந்தால் அதுவே தீர்ப்பு. சாட்சியும் வேண்டாம், குறுக்கு விசாரணையும் வேண்டாம்.

கரிவலம்வந்தநல்லூர் பக்கம் அண்ணன் தம்பி இருவருக்குக் கிணற்றுப் பங்கில் வழக்கு. தம்பி சூடம் அணைத்தால் பங்கை விட்டுக்கொடுப்பதாக அண்ணன் சொன்னார். தம்பி மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார். கமிஷனருடன் எடுபிடியாக நானும் போனேன். சூடம் எரிந்தது. தம்பி கையை நீட்டினார். கை பாதியில் நின்றது. மறுபடி நீட்டினார். மறுபடியும் நின்றது. வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என் பங்குதான் சாமி. ஆனா கை வரமாட்டேங்கு" என்றார். சூடம் தானாக எரிந்து அணைந்தது. பங்கு போயிற்று.

அது அவருடைய பங்குதான் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். தம்பி பயந்த சுபாவம் என்பதும் அண்ணனுக்குத் தெரியும். அதனால்தான் சத்தியத்துக்குக் கூப்பிட்டார்.

அப்புறம் அந்தப் பிரிவைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சட்டம் எடுத்ததே தவிர, தெரு எடுக்கவில்லை.

3. நான் பேசவிருந்த உரை

இன்னொரு விஷயம். அடுத்த வாரம் நூலக வாரம். கிளை நூலகத்தில் "சட்டம் வந்த வழி" என்ற தலைப்பில் நான் பேசுவதாக இருந்தது. கோர்ட் நூலகத்தில் தூசி தட்டிப் படித்ததையெல்லாம் சேர்த்துத் தயாரித்திருந்தேன். தினமும் சாப்பிட்டபின் வீட்டு நடையில் நின்று பேசிப் பார்ப்பேன். கேட்க ஆள் வடிவு மட்டும்தான். பார்வதி பாதியில் தூங்கிவிடுவாள்.

உரையின் சாரம் இதுதான். பாபிலோனில் ஓர் அரசன் சட்டங்களைக் கல்லில் வெட்டி நிறுத்தினான். அதில் சூனியம் வைத்ததாக ஒருவன் மேல் குற்றம் சாட்டப்பட்டால், அவன் ஆற்றில் குதிக்க வேண்டும். ஆறு கொண்டுபோனால் குற்றவாளி. பிழைத்து வந்தால் குற்றம் சாட்டியவனுக்கு மரணம். அவன் வீடும் இவனுக்கு. நம் நாட்டு மனு நூலில் தீயும் தண்ணீரும் சோதித்தன. இங்கே நம் பக்கத்துக் கோயில்களில் பாம்புக் குடத்துக்குள் கை விட வைத்தார்கள் என்றும், கொதிக்கும் நெய்யில் கை முக்க வைத்தார்கள் என்றும் சொல்வார்கள். இங்கிலாந்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தூக்கச் சொல்லிக் கையைக் கட்டிவிடுவார்கள். பிறகு அவிழ்த்துப் பார்க்கும்போது புண் சீழ் பிடித்திருந்தால் தீர்ந்தது. இந்தச் சடங்குக்கு இனி வரமாட்டோம் என்று பாதிரிமார்கள் கையை விரித்த பிறகுதான், சரி, ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்துப் பார்ப்போம் என்று அங்கே ஜூரி வளர்ந்தது.

ரோமாபுரிக்காரர்கள் ஒரு பெரிய காரியம் செய்தார்கள். சட்டம் இருக்கிறது, ஆனால் அது மேல்சாதியார் வாய்க்குள் இருக்கிறது என்று ஏழைகள் சண்டை போட்டதால், சட்டத்தைப் பலகைகளில் பொறித்துச் சந்தையில் வைத்தார்கள். பின்னால் வந்த அவர்களுடைய சட்ட அறிஞர்கள், உண்டு என்று சொல்பவன்தான் நிரூபிக்க வேண்டும், இல்லை என்று சொல்பவன் அல்ல என்று எழுதிவைத்தார்கள். நம் சாட்சியச் சட்டத்திலும் அதுதான் இருக்கிறது.

இந்த இடத்தில் கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்து ஒரு நிறுத்தம் வைத்திருந்தேன். நடுவில் ஒரு வேடிக்கையும் உண்டு: சட்டத்தின் கண்ணில் சாமியும் ஓர் ஆள்தான், அம்பாள் பேரில் சொத்து இருக்கலாம், அம்பாள் வழக்கும் போடலாம், உண்டியலில் விழுந்தது அம்பாளுடையது, போட்டவன் திரும்பக் கேட்க முடியாது. வடிவு அதற்குச் சிரிப்பாள்.

புதன்கிழமை சாயந்தரம் நான் வீட்டுக்கு வந்தபோது டியூஷன் பாய் விரித்தபடி கிடந்தது. ஒரு பிள்ளையும் வரவில்லை. வடிவு பாயின் ஓரத்தில் உட்கார்ந்து சுண்ணக்கட்டிகளை அளவு பார்த்து டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மக்கா, வெள்ளிக்கிழமை போயி அணைச்சிருவோம். நீதான் எடுக்கலையே. என்ன பயம்?" என்றேன்.

"பயம் இல்லப்பா. எடுக்கலைன்னு நான் எதுக்கு நிரூபிக்கணும்? எடுத்தான்னு சொல்லுதவருல்லா நிரூபிக்கணும்? நீங்கதான தினமும் நடையில நின்னு சொல்லுதீங்க?"

"அது கோர்ட்டு. இது தெரு."

"தெரு எந்த நாட்டுலப்பா இருக்கு?"

பார்வதி அடுக்களையிலிருந்து கத்தினாள். "ஏட்டி, வாயாடாத. வக்கீலு மாதிரி பேசுனா ஆச்சா? அணைக்க மாட்டேன்னு சொன்னா எடுத்தவன்னுதான் ஊரு சொல்லும். வாசுதேவநல்லூர்க்காரன் ரோமாபுரியவா கேக்கப் போறான்?"

அதில் நியாயம் இருந்தது. நான் வடிவிடம் கிணற்றுக்காரரின் கதையைச் சொன்னேன். மறுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்ல நினைத்தேன். அவள் வேறு எதையோ கேட்டுக்கொண்டாள்.

"அந்த அண்ணனை யாரும் அணைக்கச் சொல்லலையாப்பா?"

"இல்ல. அவரு கூப்பிட்டவருல்லா?"

"ம்," என்றாள். டப்பாவை மூடினாள்.

மறுநாள் காலை நான் சைக்கிளை எடுக்கும்போது வாசலுக்கு வந்தாள். "அணைக்கேன்பா. ஆனா ஒரு கண்டிஷன் இருக்கு. இன்னைக்குச் சாயந்தரம் தெருக்கூட்டம் போடச் சொல்லுங்க. அங்கன நானே சொல்லுதேன்."

என்ன கண்டிஷன் என்று கேட்டேன். சொல்லவில்லை. அன்று கோர்ட்டில் இரண்டு சான்று ஆவணத்துக்கு ஒரே எக்ஸிபிட் நம்பர் போட்டு, வக்கீலிடம் பேச்சு வாங்கினேன்.

4. குறுக்கு விசாரணை

சங்கக் கட்டடத்தின் முன்னால் கூட்டம். தறிக்காரர்கள் பாதிப் பேர் வேலையை விட்டு வந்திருந்தார்கள். பெண்கள் சுவரோரம் நின்றார்கள். நல்லசிவத்தின் மனைவி ராமலட்சுமி இடுப்பில் குழந்தையோடு கடைசியில் நின்றாள். குழந்தை தேறி இருந்தது. போன வாரம் உடம்பெல்லாம் தடிப்பு எழும்பி, கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியிருந்ததாக வடிவு சொல்லியிருந்தாள். நல்லசிவத்துக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆஸ்பத்திரி ஊசிதான் குணப்படுத்தியது என்று கூட்டத்துக்கு வந்த இடத்திலும் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பரமசிவம் அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். "கிளார்க்கு மக ஏதோ சொல்லணும்னு கேட்டிருக்கா. சொல்லு தாயி."

வடிவு எழுந்தாள். "அண்ணாச்சி, சொல்லுததுக்கு முன்னால முதலாளிகிட்ட ரெண்டு கேள்வி கேக்கலாமா?"

"நீ யாரு என்னயக் கேள்வி கேக்க?" என்றார் நல்லசிவம்.

"நீங்க என்னயக் களவாணின்னு சொன்ன ஆளு முதலாளி. அதனால கேக்கேன்."

கூட்டத்தில் யாரோ, "கேக்கட்டும் வே!" என்றார்கள்.

"சங்கிலி இல்லைன்னு எப்பப் பார்த்தீங்க?"

"புதன்கிழமை காலைல. பிள்ளையத் தூக்கும்போது கழுத்து வெறுமனே இருந்துச்சு."

"அதுக்கு முன்னால கழுத்துல சங்கிலிய உங்க கண்ணால எப்பப் பார்த்தீங்க?"

நல்லசிவம் வாயைத் திறந்தார், மூடினார். எத்தனையோ சாட்சிகளின் முகத்தில் நான் பார்த்த அதே தேக்கம். "போன வாரம்... மண்ணு பூசுறதுக்கு முன்னால. அப்புறம் நான் கவனிக்கல. தறி, பாவு, நூலுன்னு அலையுதவன் பிள்ளை கழுத்தையா பாத்துக்கிட்டு இருப்பேன்?"

"அப்போ போன வாரத்துல இருந்து புதன்கிழமை வரைக்கும் வீட்டுக்குள்ள யாரெல்லாம் வந்தாங்க?"

"தறிக்காரனுக தண்ணி குடிக்க வருவானுக. என் தம்பி வந்தான். பாவு ஓட்டுற பொம்பளைக வருவாளுக. அவுக எல்லாம் நம்ம ஆளுக."

"நான் மட்டும் வெளியாளு?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் என் முகம் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கோர்ட்டில் கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் ஒரு நாள் முழுக்கக் கேட்டும் வெளியே வராத விஷயத்தை, என் மகள் அரைப் பாவாடை வயதிலிருந்து என் உரையைக் கேட்டு வளர்ந்தவள் போல, நாலே கேள்வியில் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

"நான் சூடம் அணைக்கேன் அண்ணாச்சி," என்று அவள் பரமசிவத்திடம் திரும்பினாள். "ஆனா அந்த வீட்டுக்குள்ள இருந்தவங்க, வந்து போனவங்க எல்லாரும் அணைக்கட்டும். முதலாளியும் அணைக்கட்டும்."

கூட்டம் கொதித்தது. "வீட்டுக்காரன் தன் பொருளத் தானே களவாங்குவானா?" என்று நல்லசிவம் துள்ளினார். "அப்ப தறியையும் தூக்கிட்டு வந்து அணைக்கச் சொல்லுவா போலிருக்கே!" என்று ஒருவர் சொல்ல, ஒரு தறிக்காரர், "நான் வாரேன் அண்ணாச்சி! வெள்ளிக்கிழமை தறிக்கு லீவு கெடைக்கும்லா!" என்றார். சிரிப்பில் சூடு கொஞ்சம் தணிந்தது.

வடிவு சிரிக்கவில்லை. "களவாங்குனீங்கன்னு நான் சொல்லல முதலாளி. யாரையுமே நான் சொல்லல. எனக்கு ஒரு சட்டம், மத்தவங்களுக்கு ஒரு சட்டமான்னுதான் கேக்கேன். எனக்கு மட்டும்னா அது தண்டனை. எல்லாருக்கும்னாத்தான் அது விசாரணை."

பரமசிவம் அண்ணாச்சி தாடையைத் தடவினார். "இப்படி ஒரு வழக்கம் இங்கன இல்லையே தாயி."

"ஏன் இல்ல அண்ணாச்சி? சிவன் பெரியவரா பெருமாள் பெரியவரான்னு ரெண்டு நாகம் சண்டை போட்டு வந்தப்ப, நம்ம ஊருச் சாமி ஒரு பக்கமா நின்னா தீர்ப்பு சொன்னாரு? பாதி சிவனா, பாதி பெருமாளா, சரிபாதியாத்தான நின்னாரு? அந்தக் கோயில்லதான அணைக்கச் சொல்லுதீங்க?"

பரமசிவம் அண்ணாச்சி கையைக் கூப்பி, கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் சம்மதிப்பார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"சரி. எல்லாரும் வாங்க," என்றார். "வேட்டி, சேலை எல்லாம் ஒண்ணுதான். பிள்ளை உள்ளவங்க பிள்ளையத் தூக்கிட்டு வரணும். அதுதான் முறை."

எங்கள் பக்கத்தில் தாய் அணைத்தால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அணைக்க வேண்டும். சத்தியம் பிள்ளை மேலும் விழும் என்பது நம்பிக்கை. ராமலட்சுமி குழந்தையை ஓர் இடுப்பிலிருந்து மற்ற இடுப்புக்கு மாற்றினாள். கூட்டம் கலைவதற்கு முன்பே போய்விட்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது பார்வதி முன்னால் வேகமாகப் போனாள். வடிவும் நானும் பின்னால். "யாரு எடுத்திருப்பான்னு உனக்குத் தெரியுமா மக்கா?" என்றேன்.

"தெரியாதுப்பா. அது யாருன்னு கண்டுபிடிக்க நான் கேக்கல."

5. வெள்ளிக்கிழமை

காலையில் முன்சீப் ஐயாவிடம் அரைநாள் லீவு கேட்டேன். சொந்தக் காரியம் என்றேன். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். ஆனால் சின்ன ஊரில் முன்சீப் காதுக்கும் எல்லாம் வரும். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல், "இதுல கோர்ட் ஒண்ணும் சொல்லக் கூடாது. ஆனா சம்மன் எல்லாருக்கும் சேர்ந்துடுச்சான்னு மட்டும் பாத்துக்குங்கோ" என்றார்.

கோயிலில் நல்ல கூட்டம். பூக்காரர்கள், புற்றுமண் வாங்க வந்தவர்கள், வெள்ளியில் பாம்பு, தேள் உருவம் வாங்கி உண்டியலில் போட வந்த வெளியூர்க்காரர்கள். அவர்களுக்கு நடுவில் எங்கள் தெரு. லீவு கேட்ட தறிக்காரர் குளித்துத் திருநீறு பூசி வந்திருந்தார், இப்போது சிரிக்கவில்லை. பாவு ஓட்டும் பெண்கள் வந்திருந்தார்கள். நல்லசிவத்தின் தம்பி வந்திருந்தார். நல்லசிவமும் வெள்ளைச் சட்டை போட்டு வந்து, யாரையும் பார்க்காமல் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் நின்றவர் அவருடைய தறியில் வேலை செய்பவர்; பின்னால் நின்றவள் அவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். அப்படி ஒரு வரிசையை எங்கள் ஊரில் நான் அதுவரை ரேஷன் கடையில்கூடப் பார்த்ததில்லை.

அப்போதுதான் என் உரையில் எது குறை என்று எனக்கு உறைத்தது. ஆறு, நெருப்பு, பாம்பு, சாட்சி என்று, எதை வைத்துச் சோதித்தார்கள் என்பதையே நான் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். யாரைச் சோதித்தார்கள் என்பதைப் பார்க்கவில்லை. பாபிலோனியக் கல்லிலேயே சமமானவன் கண்ணைக் கெடுத்தால் கண் போகும், அடிமையின் கண்ணைக் கெடுத்தால் விலையில் பாதி கொடுத்தால் போதும். மனு நூலில் பிறப்புக்கு ஒரு தண்டனை. ரோமாபுரியில் அடிமைக்கு ஒன்று, குடிமகனுக்கு ஒன்று. சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று நம் அரசியல் சாசனத்தில் இருக்கும் ஒரு வரி வந்து சேர இத்தனை ஆயிரம் வருஷம் ஆகியிருக்கிறது. என் மகள் அந்த வரியைக் கொண்டுபோய் ஒரு சூடக்கட்டியின் முன் வைத்தாள். சூடம் அதே பழைய சூடம்தான். ஆனால் அது அன்றைக்கு ஒரு நல்ல கோர்ட்டாக இருந்தது.

மறுவாரம் நூலகத்தில் உரையின் கடைசிப் பகுதியை மாற்றிப் பேசினேன். கைதட்டலுக்கு நான் நிறுத்தாத இடத்தில் கைதட்டினார்கள். வாசுதேவநல்லூர்க்காரர்களும் வந்தார்கள், பெண் பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றும் சொல்லியனுப்பினார்கள். படித்து முடித்துவிட்டு வருகிறேன் என்று எங்கள் பெண் சொல்லிவிட்டாள். இப்போது மதுரையில் சட்டம் படிக்கிறாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவளை பஸ் ஏற்றிவிட்டு, பஸ் திரும்பும்வரை நிற்கிறேன். என் பயம் தீராது போலிருக்கிறது.

இளையவர்களே, நாம் பெஞ்சில் உட்காருவதில்லை. தீர்ப்பும் எழுதுவதில்லை. ஆனால் கூண்டில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் அதே பிரமாணத்தை, அதே குரலில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவைப்பது நாம்தான். மிராசுதாருக்கும் அதுதான், மாடு மேய்ப்பவருக்கும் அதுதான். வருஷக்கணக்காக அதை வெறும் சடங்கு என்று நினைத்திருந்தேன். இப்போது அந்த வாசகத்தைச் சொல்லும்போது நிமிர்ந்து நின்று சொல்கிறேன்.

அன்றைக்குத் திரும்புகிறேன். எல்லாரும் வந்தாயிற்று. ராமலட்சுமி மட்டும் வரவில்லை. அவள் வீட்டிலிருந்து எப்போதோ கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். நாங்கள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றோம். நல்லசிவம் பொறுமை இழந்து, "அவ எதுக்கு? பிள்ளைக்காரி. ஆரம்பிங்க அண்ணாச்சி" என்றார்.

"எல்லாரும்னா எல்லாரும்தான்," என்றார் பரமசிவம் அண்ணாச்சி.

இன்னும் கொஞ்சம் காத்திருந்தோம். வெயில் கல்லில் ஏறியது. கடைசியில் வடிவே முன்னால் போனாள். "நான் ஆரம்பிக்கேன் அண்ணாச்சி. அவங்க வரும்போது வரட்டும்." சூடத்தை வைத்தார்கள். தீக்குச்சியை உரசினார்கள். என் மகள் வலது கையைத் தூக்கினாள். பார்வதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்; கல்யாணமான இத்தனை வருஷத்தில் வெளியிடத்தில் அவள் என் கையைப் பிடித்தது அது ஒரு முறைதான். எனக்குக் கிணற்றுக்காரரின் கைதான் கண்ணில் நின்றது. வடிவின் கை பாதியில் நிற்கவில்லை.

"ஏத்தாதீங்க!"

வாசல் பக்கமிருந்து அல்ல. சத்தம் உள்ளேயிருந்து வந்தது. ராமலட்சுமி பிரகாரத்திலிருந்து ஓடி வந்தாள். காலையிலிருந்தே அவள் கோயிலுக்குள்தான் இருந்திருக்கிறாள். குழந்தையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். அதன் நெற்றியில் குங்குமம். நேராக வந்து, எரியும் தீக்குச்சியை வாயால் ஊதி அணைத்தாள்.

"சங்கிலி அம்பாள் உண்டியல்ல கெடக்கு. பிள்ளைக்குத் தடிப்பு எறங்குனா கழுத்துல கெடக்கிறத உனக்கே போடுதேன்னு நேந்துக்கிட்டேன். எறங்குச்சு. போட்டேன். இவுகளுக்குப் பயந்து வாயத் தொறக்கல." நல்லசிவத்தை அவள் பார்க்கவில்லை. "டீச்சர் மட்டும் அணைச்சிருந்தா நான் பேசாமத்தான் இருந்திருப்பேன். பிள்ளையத் தூக்கிட்டு என்னால அணைக்க முடியாது."

ராமலட்சுமி இடது இடுப்பில் குழந்தையை இருத்தி, வலது கையால் இன்னும் மேலேயே நின்ற என் மகளின் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"கையை எடுங்க டீச்சர். உங்க கையில கரி படக் கூடாது."